மேடிசனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: டெவில்ஸ் லேக் பூங்காவுக்கு எப்போது, எப்படிப் போவது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனில் குடியேறியவர்கள் முதலில் எந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று கேட்டால், காரில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய, பாரபூ ஊரை அடுத்த டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவையே நான் சொல்வேன். 1911-இல் அமைந்த இப்பூங்காவில், ஏறத்தாழ 500 அடி உயரமுள்ள, குவார்ட்சைட் என்னும் கடினப் பாறையாலான குன்றுகளுக்கு நடுவே ஏரி கிடக்கிறது. பனியுகத்தில் பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் பள்ளத்தாக்கின் வாய்களை அடைத்ததால் தேங்கிய நீர் அது.

பூங்காவுக்குள் நுழையக் காருக்கு அனுமதி ஸ்டிக்கர் வாங்க வேண்டும். வெளிமாநில நம்பர் பிளேட்டுக்குக் கட்டணம் அதிகம் என்பதால், வண்டியை விஸ்கான்சினில் பதிவு செய்த பிறகு ஆண்டு ஸ்டிக்கர் வாங்குவதே சிக்கனம். அது மாநிலத்தின் மற்றப் பூங்காக்களுக்கும் செல்லும்.

மேப்பிளும் ஓக்கும் நிறம் மாறும் அக்டோபர் நடுப்பகுதிதான் என் கணக்கில் மிகச் சிறந்த காலம். கூட்டமும் அப்போது மிகுதி. முதல் ஆண்டில் ஒரு ஞாயிறு நண்பகலில் போய், நிறுத்த இடம் கிடைக்காமல், கட்டுச்சோற்றைக் காரிலேயே உண்டுவிட்டுத் திரும்பினோம். வார நாளில், அல்லது காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பேலன்ஸ்டு ராக் பாதையின் கற்படிகள் செங்குத்தானவை; ஈர இலைகள் மூடியிருக்கும்போது வழுக்கும் என்பதால், புடவையோ செருப்போ அதற்கு ஒத்துவராது.

குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும், பனியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் ஏரியின் நடுவே அமர்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து நாமும் இறங்கிவிடக் கூடாது. நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலத் தெளிந்த பனி வேண்டும் என்பார்கள். ஆயினும் முழுப் பாதுகாப்பான பனி என்று ஒன்று இல்லை என்றே அரசும் எச்சரிக்கிறது. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடுவதையும் மறக்க வேண்டாம்.

பனி உருகியபின் மான் உண்ணிகள் வந்துவிடும். லைம் என்னும் பாக்டீரியா நோயைப் பரப்புபவை இவையே என்பதால், காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொண்டு நடந்து, வீடு திரும்பியதும் குழந்தைகளின் காதுக்குப் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள்.

கோடையில் நீந்தலாம், உயிர்காப்பாளர் கிடையாது. கூடாரம் போடும் இடங்களை 11 மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம் என்பதால், அடுத்த ஜூலைக்கான வார இறுதியை இந்த ஆகஸ்டிலேயே பிடித்துவைப்பது நல்லது.