மூன்று குரல் ஃபியூகில் நடுக்குரலை எந்த ஸ்டாஃபில் எழுதுவது?

கேள்வி:

வணக்கம். பியானோவுக்கான மூன்று குரல் ஃபியூக் (ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செல்லும் இசைவடிவம்) ஒன்றை மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறி எழுதும் மென்பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேல்குரல் ட்ரெபிள் ஸ்டாஃபிலும் (மேலே உள்ள ஐந்துகோட்டுத் தொகுதி) கீழ்க்குரல் பேஸ் ஸ்டாஃபிலும் (கீழே உள்ளது) தொடக்கம் முதல் இறுதி வரை நிற்பதால் அவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. நடுக்குரலோ இரு ஸ்டாஃப்களுக்கும் நடுவில் வரும் மிடில் சி-யின் இருபுறமும் அலைகிறது. சில பார்களில் (தாள அளவுப் பிரிவுகளில்) அதை வலக்கை வாசிக்க வேண்டியிருக்கிறது, சில பார்களில் இடக்கை, இன்னும் சில இடங்களில் ஒரே பீமுக்கு (ஸ்வரங்களின் தண்டுகளை இணைக்கும் பட்டை) நடுவிலேயே கை மாறுகிறது. சுருதியின் உயரத்தைப் பார்த்து ஸ்டாஃபை முடிவு செய்வதா, வாசிக்கும் கையைப் பார்த்து முடிவு செய்வதா? ஒரு குரல் மௌனமாக இருக்கும்போது மென்பொருள் தானாக நிரப்பும் ரெஸ்ட்களில் (மௌனக் குறிகளில்) எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை நீக்குவது? இரண்டு குரல்கள் ஒரே ஸ்வரத்தில் சந்தித்து, ஒன்று மினிமாகவும் (இரண்டு பீட்) மற்றது கிராட்செட்டாகவும் (ஒரு பீட்) இருந்தால் எப்படி எழுதுவது முறை? மென்பொருளில் இசைக்கவிட்டால் எல்லாம் சரியாகவே கேட்கிறது. ஆனால் தாளை முன்னால் வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு மூன்று குரல்களும் தனித்தனியாகக் கண்ணில் படவில்லை.

முதல் பதில்:

இரண்டு ஸ்டாஃப் முறையில் ஸ்டாஃப் கையைக் காட்டுகிறது, ஸ்வரத்தின் வட்டத் தலையிலிருந்து நீளும் தண்டின் திசை குரலைக் காட்டுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் கலக்காமல் இருந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். எனவே நடுக்குரலின் ஸ்வரம் மிடில் சி-க்கு மேலே இருந்தாலும், அதை இடக்கைதான் வாசிக்கப்போகிறது என்றால் பேஸ் ஸ்டாஃபிலேயே எழுதுங்கள். ஸ்டாஃபுக்கு வெளியே இடும் லெட்ஜர் கோடுகள் ஒன்றிரண்டு கூடினாலும் பாதகமில்லை. எந்தக் கை என்று தேடி நிற்பதைவிட அது வாசிப்பவருக்கு எளிது.

மியூஸ்ஸ்கோரில் ஒரு ஸ்டாஃபுக்கு 4 குரல்கள் உண்டு. 1, 3 ஆகியவற்றின் தண்டுகள் மேல்நோக்கியும், 2, 4 ஆகியவற்றின் தண்டுகள் கீழ்நோக்கியும் அமையும். ஆகவே நடுக்குரல் ட்ரெபிள் ஸ்டாஃபில் இருக்கும் வரை அது அங்கே 2ஆம் குரல். பேஸ் ஸ்டாஃபுக்கு இறங்கிவிட்டால் அங்கே அது 1ஆம் குரலாகவும் கீழ்க்குரல் 2ஆம் குரலாகவும் இருக்க வேண்டும்.

நான்கு பீட் கொண்ட ஒரு பாரின் முதல் இரண்டு பீட்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்குரல் ஜி-யை மினிமாகப் பிடித்திருக்க, நடுக்குரல் அதன் கீழே இ, எஃப், இ, டி என்று நான்கு குவேவர்களாக (அரை பீட் ஸ்வரங்களாக) நகர்கிறது. இதை ஒரே குரலில் உள்ளிட்டால் ஜி-யை நான்கு குவேவர்களாக வெட்டி டை (ஒரே சுருதியுள்ள ஸ்வரங்களை இணைத்து நீட்டும் வளைகோடு) போட்டு இணைக்க வேண்டிவரும். ஒலி மாறாது, ஆனால் தாளில் தெரிவது நான்கு கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மட்டுமே. இரண்டு குரல்களாக உள்ளிட்டால், தண்டு மேலே எழுந்த ஒற்றை மினிமின் கீழே நான்கு குவேவர்களும் தங்கள் பீமோடு ஓடுவது பார்த்த உடனே விளங்கும். உங்கள் தாளில் குரல்கள் பிரிந்து தெரியாததற்கு இது காரணமா என்று முதலில் பாருங்கள்.

பீமின் நடுவில் கை மாறும் இடத்தில் மட்டும், அந்த ஸ்வரங்களைத் தேர்ந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஸ்வரம் அடுத்த ஸ்டாஃபில் தோன்றும், பீம் அறுபடாது. பல பார்கள் தொடர்ந்து இடக்கையிலேயே இருக்குமானால் இந்த வழி வேண்டாம். நேராகப் பேஸ் ஸ்டாஃபில் எழுதிவிடுவதே நல்லது. டை போட்ட ஸ்வரத்தின் இடையில் மட்டும் ஸ்டாஃபை மாற்றாதீர்கள். பிடித்திருக்கும் விரல் அங்கே கை மாறப்போவதில்லை.

இரண்டாம் பதில்:

ஸ்டாஃபைக் கைதான் முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் நடுக்குரலை உள்ளிடும்போதே இரண்டு ஸ்டாஃப்களுக்குப் பங்கிட்டு எழுதுவதை நான் ஏற்கவில்லை. நான் பயன்படுத்துவது, இசையைக் கட்டளைகளாகத் தட்டச்சு செய்யும் லில்லிபாண்ட் என்ற மென்பொருள். அதில் ஒவ்வொரு குரலையும் முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை தனித்தனியாக எழுதி முடித்துவிடலாம். கை மாறும் இடத்தில் ஸ்டாஃபை மாற்றும் கட்டளை ஒன்றும், தண்டின் திசையை மாற்றும் கட்டளை ஒன்றும் சேர்த்தால் போதும். குரல் முழுதாக ஒரே இடத்தில் இருப்பதால் அதை மட்டும் தனியே இசைத்துப் பிழை பார்க்க முடிகிறது. அதே கோப்பிலிருந்து, குரலுக்கு ஒரு ஸ்டாஃப் என்று மூன்று ஸ்டாஃப் கொண்ட பிரதியையும் எடுக்கலாம். இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆர்ட் ஆஃப் ஃபியூக் 1751இல் வெளியானபோது இவ்வாறு குரலுக்கு ஒரு ஸ்டாஃப் என்றே அச்சிடப்பட்டது; குரல்களின் போக்கைப் படித்து அறிவதற்கு அதைவிடத் தெளிவான முறை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

லில்லிபாண்டுக்கு மாறுவதாக இருந்தால் ஒன்றில் கவனம் தேவை. இரட்டைப் பின்சாய்வுக் கோட்டால் குரல்களைப் பிரிக்கும் சுருக்க வழி, ஒவ்வொரு முறையும் புதிய குரல்களை உருவாக்குகிறது. அதனால் முந்தைய பாரிலிருந்து வரும் டையும் ஸ்லரும் (ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) அதற்குள் தொடர்வதில்லை. ஃபியூகுக்கு அந்தச் சுருக்க வழி பொருந்தாது. குரல்களுக்கு நீங்களே பெயரிட்டு எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. முதல் பதிலில் சொன்ன ஜி மினிம் போன்ற இடங்கள் என் கோப்பில் நிறையவே இருக்கின்றன. அவற்றை இரண்டு குரல்களாகப் பிரித்ததுமே பக்கம் வெகுவாகத் தெளிந்துவிட்டது. பாதி வேலை முடிந்துவிட்டதால் இந்தப் படைப்பை மியூஸ்ஸ்கோரிலேயே முடிக்கிறேன். ரெஸ்ட் பற்றியும் ஒரே ஸ்வரத்தில் சந்திக்கும் குரல்கள் பற்றியும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மூன்றாம் பதில்:

மியூஸ்ஸ்கோரில் 1ஆம் குரலின் ரெஸ்டை அழிக்க முடியாது. தேர்ந்து, வி விசையை அழுத்தி மறைக்கத்தான் முடியும். 2 முதல் 4 வரையான குரல்களின் ரெஸ்ட்களை அழிக்கலாம். ஆனால் முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டாம். பாடிக்கொண்டிருந்த குரல் சற்று நின்று மீண்டும் நுழைகிறது என்றால், அந்த நிறுத்தமும் இசையின் பகுதியே. அங்கே ரெஸ்ட் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஓய்ந்தால் நடுவில் ஒரு ரெஸ்ட் போதும். ஒரு குரல் முதன்முதலாக நுழைவதற்கு முந்தைய பார்களில் அதற்கென்று தனி ரெஸ்ட் காட்டுவதை நான் தவிர்ப்பேன். நுழையும் பாரில் மட்டும் காட்டுவேன்.

கிராட்செட்டும் குவேவரும் ஒரே ஸ்வரத்தில் சந்தித்தால் ஒரே தலையில் இரண்டு தண்டுகள் போடலாம், ஏனெனில் இரண்டின் தலையும் கறுப்பு. மினிமும் கிராட்செட்டும் தலையைப் பகிரக் கூடாது. வெள்ளைத் தலை வைத்தால் கிராட்செட்டும் மினிமாகத் தெரியும், கறுப்புத் தலை வைத்தால் மினிமின் நீளம் மறைந்துவிடும். ஆகவே இரண்டு தலைகளையும் அருகருகே வைக்க வேண்டும். குரல்கள் அடுத்தடுத்த ஸ்வரங்களில், அதாவது ஒரு செகண்ட் இடைவெளியில் நின்றால், தண்டு மேல்நோக்கிய மேல்ஸ்வரம் இடப்பக்கமும் தண்டு கீழ்நோக்கிய கீழ்ஸ்வரம் வலப்பக்கமும் அமையும். இதை மென்பொருளே பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும்.

இன்னொன்று. நடுக்குரல் ஒரு பாரின் நடுவில் ஸ்டாஃப் மாறும்போது சுருதியை ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் குறிகளைக் கண்ணால் சரிபாருங்கள். ட்ரெபிள் ஸ்டாஃபில் சி-க்கு இட்ட ஷார்ப் பேஸ் ஸ்டாஃபில் செல்லாது. அதே பாரில் அதே ஸ்வரமே அங்கே வந்தாலும் குறியை மீண்டும் போட வேண்டும்.