சார்க்யூட்டரி போர்டுல இறைச்சியை எப்படி அடுக்கினா எடுப்பா இருக்கும்?

புதுச்சமையல்:
சனிக்கிழமை சாயந்திரம் எட்டுப் பேர் வர்றாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்க ஒரு சார்க்யூட்டரி போர்டு, அதாவது பதப்படுத்தின இறைச்சியும் சீஸும் அடுக்கின பலகை வைக்கலாம்னு இருக்கேன். சலாமி (வட்டமாச் சீவின பன்றி சாசேஜ்), ப்ரோஷூட்டோ (மெல்லிசாச் சீவின, உப்புல பதப்படுத்தின பன்றித் தொடை), முழுசா ஒரு சொரிசோ (மிளகாய்த்தூள் சேர்த்த பன்றி சாசேஜ்), ரெண்டு வகை சீஸ் இருக்கு. சீஸை எங்க வச்சாலும் நல்லாத்தான் தெரியுது. இறைச்சி மட்டும் ஈரத்துணி விரிச்ச மாதிரி பலகையோட ஒட்டிக் கிடக்கு. வீடியோவுல காட்டுற சலாமி ரோஜா செஞ்சே ஆகணுமா? எவ்வளவு நேரம் முன்னாடி அடுக்கலாம்?

மொறுமொறு:
ரோஜா ஈஸிங்க. சின்ன வாய் கிளாஸ் ஒண்ணு எடுத்து, சலாமித் துண்டு பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிற மாதிரி விளிம்புல மடிச்சுப் போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ரெண்டு மூணு சுத்து வந்ததும் அப்படியே பலகையில கவுத்துட்டு கிளாஸை உருவிடுங்க. மெல்லிசா சீவின சலாமியா இருக்கணும், இல்லைன்னா பிரிஞ்சுடும்.

கத்தியும்பலகையும்:
பார்ட்டிகளுக்குச் சமைச்சுக் கொடுக்கிறதுதான் என் வேலை. ரோஜாவை நான் வைக்கிறதே இல்லை. பார்க்க நல்லா இருக்குன்னு யாரும் கை வைக்க மாட்டாங்க. யாராவது ஒருத்தர் உருவிட்டா மொத்தமும் சரிஞ்சு போகும்.

ஒவ்வொரு இறைச்சியும் ஒவ்வொரு மாதிரி மடியும், அதைப் பிடிச்சுக்கிட்டா போதும். சலாமியை ரெண்டா மடிச்சு, திரும்பவும் ரெண்டா மடிங்க. கூர்முனை கீழே, விளிம்பு மேலே வர்ற மாதிரி ஒண்ணோட ஒண்ணு சாய்ச்சு, ஆலிவ் கிண்ணத்தைச் சுத்தி வளைச்சு நிறுத்துங்க. உயரம் கிடைச்சுடும்.

ப்ரோஷூட்டோவுக்குத்தான் பொறுமை வேணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே, குளிர் விடுறதுக்குள்ள பிரிச்சுடுங்க. கொழுப்பு இளகிட்டா துண்டுங்க ஒட்டிக்கிட்டுக் கிழியும். ஒரு துண்டை ரெண்டு விரலால மேல தூக்கி, பலகைக்குக் கொஞ்சம் மேல இருந்து மெதுவா இறக்குங்க, தானாச் சுருங்கி உட்காரும். அதுக்கப்புறம் அமுக்கவே கூடாது. ஓரத்துல இருக்கிற வெள்ளைக் கொழுப்பைச் சில பேர் நறுக்கிப் போட்டுடுறாங்க. அழகே அதுலதான், ருசியும் அதுலதான்.

சொரிசோவைக் கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு நீள்வட்டமா நறுக்குங்க. கால்வாசியை நறுக்காம பலகையிலேயே வச்சா நல்லா இருக்கும். அதுல இருக்கிற மிளகாய்த்தூள் எண்ணெய் வெள்ளைச் சீஸ்ல பட்டா ஆரஞ்சுக் கறையாயிடும், அதனால தள்ளி வைங்க. முக்கியமா அட்டையைப் படிங்க: சமைச்சுச் சாப்பிட வேண்டிய பச்சைச் சொரிசோவும் இதே பேர்லதான் வருது.

முதல்ல கிண்ணம், அடுத்து சீஸ், அப்புறம் இறைச்சி. இடுக்குல திராட்சை, நட்ஸ், ஊறுகாய் வெள்ளரி. பிஸ்கட்டைக் கடைசி நிமிஷத்துல வைங்க, ஈரம் பட்டா நமுத்துடும். சாப்பாட்டுக்கு முன்னாடிங்கிறதால ஆளுக்கு 50–60 கிராம் இறைச்சி தாராளம்.

காலையிலேயே அடுக்கி, இறுக்கமா மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுடலாம். பரிமாற 20–30 நிமிஷம் முன்னாடி வெளியே எடுத்தா வாசனை எழும்பும். 2 மணி நேரத்துக்கு மேல வெளியே விடாதீங்க.

புதுச்சமையல்:
ரொம்ப நன்றிங்க! வர்றவங்கள்ல ஒருத்தர் பன்றி தொட மாட்டார், ஒருத்தர் மாசமா இருக்காங்க. என்ன பண்ணலாம்?

கத்தியும்பலகையும்:
முதல் ஆளுக்கு ப்ரெசோலா வாங்குங்க, மாட்டிறைச்சியில செய்றது. அதே பலகையில ஓரமா வைக்காம தனித்தட்டு, தனி இடுக்கியோட வைங்க. மாட்டிறைச்சிச் சலாமின்னு போட்டிருந்தாலும் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம், பொருள் பட்டியலைப் பாருங்க.

மாசமா இருக்கிறவங்களுக்கு இது எதுவுமே வேண்டாம். உப்புல ஊறிக் காஞ்சதே தவிர, வெந்தது இல்லை. லிஸ்டீரியா, டாக்சோபிளாஸ்மாங்கிற கிருமிகள் ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. சலாமியை ஆவி பறக்க நல்லாச் சூடு பண்ணிச் சுடச்சுடத் தரலாம். சீஸும் கெட்டியான வகையா இருக்கட்டும், ப்ரீ மாதிரி மெத்துன்னு இருக்கிறது அவங்க தட்டுல வேண்டாம்.