முல்லைப் பெரியாறு: புது அணை கட்டியே ஆக வேண்டுமா?

கம்பம்_விவசாயி:
தேக்கடி ஏரியில் படகில் போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் கூடவே ஒரு வரி எழுதுகிறார்கள்: "அணை பழசு, புதுசு கட்டலாமே." அந்த ஏரியே கேரளத்தில் இருக்கிற இந்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய தண்ணீர்தான். நீருக்குள் பட்டுப்போய் நிற்கிற மரங்கள் 1895-க்கு முன் அங்கே இருந்த காடு. அணை தாங்காதோ என்ற பயத்தில் 1979-இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். அதன்பின் அணையின் தலையில் கான்கிரீட் போட்டு, இரும்பு வடங்களை இறக்கிப் பாறையோடு இறுக்கி, பின்பக்கமும் கான்கிரீட் அணைத்துக் கட்டியாயிற்று. 2014-இல் உச்ச நீதிமன்றமே 142 அடி தேக்கலாம் என்றது. அப்புறம் ஏன் இடிக்க வேண்டும்?

வண்டிப்பெரியாறு_மகன்:
அண்ணே, நானும் தமிழன்தான். தாத்தா தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். அணைக்குக் கீழே வல்லக்கடவு, அதைத் தாண்டினால் எங்கள் ஊர். 2018 ஆகஸ்டில் பின்னிரவில் ஷட்டர் திறந்தபோது பாட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஓடினோம். விடிந்து பார்த்தால் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர். தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) வைத்துக் கட்டிய சுவருக்குக் கீழே படுத்துத் தூங்குவது நாங்கள்.

கம்பம்_விவசாயி:
தம்பி, உன் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 1886 ஒப்பந்தம் 999 வருடத்துக்கு. அது இந்த அணையை நம்பி நிற்கிறது. கேரளம் புது அணை கட்டினால் மதகுச் சாவி யார் கையில்? கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம். மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்துக்குள் சொட்டுத் தண்ணீர் வராது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா என்று நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வயிற்றெரிச்சல் உனக்குத் தெரியாது.

வைகைக்கரை:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு 2012 அறிக்கையில் புது அணைக்கு மாற்றாக இன்னொரு வழியும் சொன்னது. 50 அடி மட்டத்தில் புதுச் சுரங்கம். அடியில் முடங்கிக் கிடக்கிற தண்ணீரையும் எடுக்கலாம், ஆபத்து என்றால் அணையைச் சீக்கிரம் வடிக்கவும் செய்யலாம்.

வண்டிப்பெரியாறு_மகன்:
அது நடந்தால் நான் புது அணை கேட்கவே மாட்டேன்.

கம்பம்_விவசாயி:
எடுத்த தண்ணீரை எங்கே வைப்பது? வைகை அணை 71 அடிதான், நல்ல மழையில் அதுவே நிரம்பிவிடும். முதலில் இங்கே கண்மாய்களைத் தூர்வார வேண்டும். சுரங்கம் வரட்டும், ஆனால் அதைக் காட்டி 142-ஐக் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

வண்டிப்பெரியாறு_மகன்:
சரி அண்ணே, 142 இருக்கட்டும். ஷட்டரைப் பகலில் திறக்கச் சொல்லுங்கள். லயத்து வீடுகளில் தமிழ் மட்டுமே தெரிந்த கிழவிகள் இருக்கிறார்கள், அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும்.

கம்பம்_விவசாயி:
அதை எங்கள் சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து கேட்கிறேன், தம்பி.