3 வயதில் தொடங்கிய மைனர் வங்கிக் கணக்கை மூடுவது எப்படி?

கேள்வி: பையனுக்கு 18 முடிந்தது. காப்பாளரான நானே கணக்கை மூடி, பணத்தை என் கணக்குக்கு மாற்றலாமா?

பதில்: முடியாதுங்க. 18 நிறைந்ததும் உங்க கையெழுத்து செல்லாது, பணம் அவனோடது. அவன் நேரில் போய் ஆதார், பான், புகைப்படத்தோடு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) படிவமும் மாதிரிக் கையெழுத்தும் கொடுக்கணும். பிறகு அவனே மூட விண்ணப்பிக்கலாம். பாஸ்புக்கில் "ஆர். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் ராஜா" என்று இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். முதலில் பெயரைச் சரிசெய்யுங்க.

பதில்: அந்தக் கணக்கிலிருந்து ஆர்டி (மாதாந்திரத் தொடர் வைப்பு), இன்சூரன்ஸ் தவணை போகுதா? முன்னாடியே வேறு கணக்குக்கு மாற்றிடுங்க, இல்லேன்னா தவணை தவறும். பாஸ்புக்கைக் கடைசி வட்டி வரை பதிந்து நகல் எடுத்து வைங்க.

பதில்: தள்ளிப்போடாதீங்க. 2 வருஷம் வரவு செலவு இல்லேன்னா கணக்கு முடங்கும். 10 வருஷம் போனா பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிடும். திரும்பக் கேட்டு வாங்கலாம், ஆனா அலைச்சல்.