ஷ்பொல்: தேசியப் பூங்காவுக்குள் ஓடுவது ஆறா, மதகுத் தண்ணீரா?

மலைப்பாதை:
போன செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், எங்கடின் பள்ளத்தாக்கில் இருக்கும் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன். 1914-இல் தொடங்கியது, 170 சதுர கிலோமீட்டர், அந்த நாட்டுக்கே இருக்கும் ஒரே தேசியப் பூங்கா. பாதையை விட்டு ஓர் அடி விலகக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. நாயைக் கயிற்றில் கட்டிக்கூடக் கூட்டிப் போகக் கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்குகிறது. நூறு வருடமாக மனிதன் கைவைக்காத காடு என்று பெருமைப்படுகிறார்கள்.

சரி. ஆனால் அதன் நடுவே ஓடும் ஷ்பொல் ஆற்றைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. மேலே இத்தாலி எல்லையில் 130 மீட்டர் உயர அணை. கீழே இன்னொரு நீர்த்தேக்கம். நடுவில் வருவது அணைக்காரர்கள் மனம்வைத்து விடுகிற தண்ணீர். அணைமேல் நின்று பார்த்தபோது வயிறு எரிந்தது. எனக்குப் பூப் பறிக்கத் தடை, மின்நிலையத்துக்கு ஆற்றையே எடுத்துக்கொள்ள அனுமதியா?

ஓய்வுபெற்ற கரண்ட்காரர்:
சார், அணையை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிடவில்லை. ஆறு பிறப்பது இத்தாலியில், லிவின்யோ பக்கம். அதனால் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டன. எதிர்த்தவர்கள் அதை நாடு தழுவிய வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். 1958 டிசம்பரில் ஜனங்கள் ஒப்பந்தத்தின் பக்கம்தான் ஓட்டுப் போட்டார்கள். அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரிலிருந்து வருகிறது. நீங்கள் பூங்கா வாசலில் இருக்கும் செர்னெட்ஸ் ஊர் வரை போன சிவப்பு ரயில் எதில் ஓடியதாம்?

மலைப்பாதை:
ஓட்டு விழுந்தால் மீன் பிழைத்துவிடுமா சார்?

நீரோட்டம்:
மீன் பேச்சு வந்ததால் நுழைகிறேன். ஆற்றுச்சூழல் படிக்கிறவள் நான்.

அணைக்குப் பிறகு ஷ்பொல்லுக்குக் கிடைத்தது அளந்து விடும் கொஞ்சத் தண்ணீர். வெள்ளமே கிடையாது. ஆனால் அங்கே சரிவெல்லாம் உதிரும் சுண்ணாம்புப் பாறை. பக்க ஓடைகள் சரளைக்கல்லைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முன்பு வெள்ளம் வந்து அள்ளிக்கொண்டு போகும். அது நின்றதும் கல் குவிந்து ஆறு அங்கங்கே குட்டையானது, பாசி படர்ந்தது, சரளை இடுக்குகளை வண்டல் அடைத்தது. டிரவுட் மீன் முட்டையிடுவது அந்த இடுக்குகளில்தான். அதற்குள் நல்ல தண்ணீர் ஓடாவிட்டால் முட்டை மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

2000-இல் தொடங்கி, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை சில மணி நேரத்துக்கு மதகைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டார்கள். மின் உற்பத்திக்கு நட்டம் வராதபடி, அன்றாடம் விடுகிற தண்ணீரில் கொஞ்சம் மிச்சம்பிடித்து வெள்ளத்துக்கு ஒதுக்கினார்கள். பாசி போனது, சரளை சுத்தமானது, டிரவுட் முட்டைக்குழிகள் பெருகின. பூச்சிகள் மாறத்தான் பல வருடம் பிடித்தது. சலனமில்லாத தண்ணீரில் கொழித்த நன்னீர்க் கூனி இறால்கள் குறைந்து, வேக நீரில் பிழைக்கும் பூச்சிகள் இடம்பிடித்தன.

மலைப்பாதை, 'கைவைக்காதே' என்று விட்டிருந்தால் இந்த ஆறு இன்னும் குட்டையாகத்தான் கிடந்திருக்கும்.

மலைப்பாதை:
ஒருவர் காலை உடைத்துவிட்டு ஊன்றுகோல் வாங்கிக் கொடுப்பதைப் பாராட்டச் சொல்கிறீர்கள். மிச்சத்தையும் சொல்லுங்கள். 2013-இல் நீர்மட்டம் தாழ்ந்திருந்தபோது அணை அடியிலிருந்து சேறு இறங்கி, ஆற்றில் மீன் கொத்துக்கொத்தாகச் செத்தது. 2016-இல் அணையில் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலையில் பிசிபி என்ற வேதி நச்சு ஆற்றில் கலந்தது. சுத்தம் பண்ண யார் காசு கொடுப்பது என்று வருடக்கணக்கில் வழக்கு. நீங்கள் மெச்சுகிற வெள்ளத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று, நச்சு கீழே பரவிவிடும் என்று.

ஓய்வுபெற்ற கரண்ட்காரர்:
பெயின்ட் விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்துத் துருத்தடுப்புப் பெயின்ட்டில் என்ன இருக்கும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. அதற்காக அணையையே உடைக்கவா சொல்கிறீர்கள்?

பேர்ண் தமிழ்:
நான் இங்கே சுவிஸில் முப்பது வருடமாக இருக்கிறேன். அண்ணைமார் இரண்டு பேரும் அந்த ஊர்ச் சனத்தை மறந்துவிட்டீர்கள். பூங்கா இருக்கும் கிராவ்பூண்டன் மாநிலத்தில் ஆற்றுநீர் உரிமை ஊர்ச்சபைகளுக்குச் சொந்தம். மின்நிலையம் அவர்களுக்குத் தண்ணீர் வாடகை கட்டுகிறது. மலையில் இருக்கிற சின்ன ஊருக்கு அது பெரிய காசு.

அப்புறம், இந்த 'கைவைக்காத' கதை. வேட்டையில் அழிந்துபோன ஐபெக்ஸ் மலையாட்டை 1920-இல் கொண்டுவந்து விட்டது யார்? 1991-இலிருந்து தாடிக் கழுகுக் குஞ்சுகளை விட்டு வளர்த்தது யார்? பூங்காக்காரர்தான். கைவைத்தவர்கள்தான், ஆனால் சுற்றுலாப் பயணியிடம் மட்டும் கண்டிப்பு.

அந்தக் கண்டிப்புக்கு விலையும் உண்டு. இரண்டாவது தேசியப் பூங்கா ஒன்றுக்காக அதூலா மலைப்பகுதியில் 2016-இல் ஊர் ஊராக வாக்கெடுப்பு வைத்தார்கள், தோற்றது. 2018-இல் லொகார்னோ பக்கம் வைத்தார்கள், அதுவும் தோற்றது. மேய்ச்சலும் வேட்டையும் போய்விடும், சொந்த மலையில் நடக்கவே தடை வரும் என்று சனத்துக்குப் பயம். மலைப்பாதை கேட்கிற மாதிரி இன்னும் இறுக்கினால் மூன்றாவதும் தோற்கும்.

நீரோட்டம்:
ஆட்டைக் கொண்டுவந்து விட்டதும் வெள்ளத்தைத் திறந்துவிட்டதும் ஒரே வகை வேலைதான் என்கிறேன். போனதைத் திருப்பிக் கொடுப்பது.

மலைப்பாதை:
ஆட்டை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆற்றை வருடத்தில் சில மணி நேரம்.

ஓய்வுபெற்ற கரண்ட்காரர்:
சார், ஒன்று கேட்கிறேன். அணைமேல் நின்றேன் என்றீர்களே, ஓஃபென் கணவாய்ச் சாலையிலிருந்து அங்கே போக ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அணை கட்டுமான வேலைக்காகக் குடைந்தது. அதன் வழியாகத்தானே போனீர்கள்?

மலைப்பாதை:
ஆமாம். போகக் காசும் கட்டினேன்.