லூசில் பால் ஸ்டுடியோ முதலாளியானது புகழால் மட்டுமா?

கேள்வி

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பால் 1930களிலும் 40களிலும் ஆர்.கே.ஓ., எம்.ஜி.எம். ஆகிய ஹாலிவுட் நிறுவனங்களின் படங்களில் தொடர்ந்து நடித்தும் முதல் வரிசை நட்சத்திரமாகவில்லை. நாற்பது வயதில் ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடருக்கு வந்த பிறகோ, கணவர் டெசி ஆர்னாஸுடன் சேர்ந்து ஸ்டுடியோவுக்கே உரிமையாளரானார். அன்று அவரளவுக்குப் புகழ்பெற்றிருந்த நகைச்சுவைக் கலைஞர்கள் பலருக்கு வாய்க்காத வளர்ச்சி இவருக்கு எவ்வாறு வாய்த்தது?

முதல் பதில்

புகழைவிட ஃபிலிம் சுருளே இதற்குக் காரணம் என்பேன். 1951இல் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து எடுக்கும் கினெஸ்கோப் என்ற மங்கலான பிரதிதான் மற்ற ஊர்களுக்குப் போகும். இத்தம்பதியர் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். பார்வையாளர் மிகுந்த கிழக்குப் பகுதிக்கு மங்கலான படம் போவதை விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் ஏற்கவில்லை. ஆகவே 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்பது என்று முடிவாயிற்று. கூடுதல் செலவை ஈடுகட்டத் தங்கள் வாரச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த இருவரும், அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்கே கேட்டு வாங்கினார்கள். ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சிக்கு மதிப்பு இருக்கும் என்று, தொடரை ஒளிபரப்பிய சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் அன்று எண்ணவில்லை!

இரண்டாம் பதில்

மேற்கண்ட விளக்கத்தில் டெசி ஆர்னாஸின் பங்கு குறைத்துச் சொல்லப்பட்டிருப்பதாகக் கருதுகிறேன். கியூபாவில் பிறந்த இசைக்கலைஞரான அவரைத் தொடரில் லூசியின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று சி.பி.எஸ். தயங்கியபோது, இருவரும் 1950இல் மேடை நிகழ்ச்சிகளாக நடத்திக்காட்டி அந்த ஐயத்தைப் போக்கினார்கள். பார்வையாளர் முன்னிலையில் நாடகம்போல் நடிப்பதை மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் படமாக்கும் முறை அதற்கு முன்பே முயலப்பட்டதுதான் என்றாலும், அதை வாரந்தோறும் நிகழும் தொழிலாக நிலைநிறுத்தியது டெசிதான். ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மானிய மௌனப் படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான கார்ல் ஃபிராயிண்டை அவர் அழைத்து வந்தார்; எந்தக் கோணத்திலிருந்து எடுத்தாலும் நிழல் உறுத்தாதபடி காட்சித்தளம் முழுவதும் சீரான ஒளியை அமைத்தவர் ஃபிராயிண்ட். லூசி கருவுற்றிருந்தபோது பழைய பகுதிகள் மறு ஒளிபரப்பாயின. ஃபிலிம் கையில் இருந்ததால்தான் அது இயன்றது. கதையில் குழந்தை பிறந்த பகுதி 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பாக, அவர்களுடைய மகனும் அதே நாளில் பிறந்தார்.

மூன்றாம் பதில்

இருவர் கூறியதும் சரியே. ஆயினும், அரைமணி நேரத் தொடர் 1957இல் நிறைவடைந்த காலத்தையொட்டி அந்த உரிமையை சி.பி.எஸ்.ஸுக்கே விற்றுவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னாளைய மறு ஒளிபரப்புகளின் வருவாயை நினைத்தால் அது நட்டமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூசி ஒருகாலத்தில் ஒப்பந்த நடிகையாகச் சம்பளம் பெற்ற அதே ஆர்.கே.ஓ. ஸ்டுடியோக்களை அப்பணத்தின் துணையோடு அவ்வாண்டின் இறுதியில் டெசிலு விலைக்கு வாங்கியது. 1960இல் மணமுறிவு ஏற்பட்டது. 1962இல் டெசியின் பங்குகளை வாங்கி லூசியே தலைமைப் பொறுப்பேற்றார். ‘ஸ்டார் டிரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ ஆகிய இரண்டு தொலைக்காட்சித் தொடர்களும் 1966இல் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. அடுத்த ஆண்டே நிறுவனத்தை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அவர் நடிப்பைத் தொடர்ந்தார்.