அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன், ஓட்டம் ஊருக்குள்தான்: டீசல் எஸ்யூவி எடுக்கலாமா?

திண்டுக்கல்வாசி:
வணக்கம். வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நாங்கள் இருவர், மகள். அம்மாவுக்கு போன வருடம் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. இப்போதுள்ள சின்ன வண்டி தாழ்வு, அவரால் எழுந்து இறங்க முடியவில்லை. புரோக்கர் ஒருவர் 2021 மாடல் டீசல் எஸ்யூவி காட்டுகிறார். சிங்கிள் ஓனர், 8 லட்சம். மைலேஜ் கிடைக்கும், கொடைக்கானல் ஏற்றத்துக்கும் டீசல்தான் சரி என்கிறார். எங்கள் ஓட்டம் மகளின் பள்ளிக்கு 3 கிலோமீட்டர், மார்க்கெட், ஆஸ்பத்திரி, எப்போதாவது பழனி. எடுக்கலாமா?

ஒட்டன்சத்திரம் மெக்கானிக்:
இந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம் சார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகை போகும் வழியில் டிபிஎஃப் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கரி எரிய நல்ல சூடு வேண்டும், ஹைவேயில் நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். 3 கிலோமீட்டரில் இன்ஜினே சரியாகச் சூடேறாது. வண்டி கரியை எரிக்க ஆரம்பிக்கும்போது நீங்கள் பள்ளி வாசலில் ஆஃப் பண்ணியிருப்பீர்கள். எரிக்கக் கூடுதலாக விட்ட டீசல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும்.

பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. ஆயில் கேஜை உருவினால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆயில் குறையவே இல்லை என்று ஓனருக்குச் சந்தோஷம். விரலில் தேய்த்துப் பார்த்தேன், பிசுக்கே இல்லை, முகர்ந்தால் டீசல் வாடை. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங், டர்போ எல்லாம் போகும். சர்வீஸ் செலவுக்கு முன்னால் மைலேஜில் மிச்சம் பிடித்தது எம்மாத்திரம்?

கொடைக்கானலுக்குப் பெட்ரோல் வண்டியே தாராளமாக ஏறும். வத்தலக்குண்டு வழியாக இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

மதுரை மருமகள்:
வண்டி பார்க்க அம்மாவையும் கூட்டிப் போங்கள் அண்ணா. எஸ்யூவி என்றாலே வசதி என்று இல்லை. என் மாமியாருக்கும் இதே ஆபரேஷன்தான். உயரமான வண்டியில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டியிருந்தது, சேலையில் அது பெரிய கஷ்டம். முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். அப்படியே உட்கார்ந்தால் பாதம் தரையில் இருக்க வேண்டும், முழங்கால் ரொம்ப மடங்கக் கூடாது. அப்புறம்தான் காலை உள்ளே திருப்ப வேண்டும். நாங்கள் வேகன்-ஆர் எடுத்தோம், அந்த உயரம் அத்தைக்குச் சரியாக அமைந்தது. திரும்பச் சிரமப்பட்டால் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போடுங்கள், வழுக்கிக்கொண்டு திரும்பிவிடலாம். வண்டி எடுக்கும் முன் அதை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் ஆளே முன்னால் சரிந்துவிடுவார்.

திண்டுக்கல்வாசி:
ரொம்ப நன்றி தங்கச்சி, மெக்கானிக் சாருக்கும் நன்றி. டீசல் வேண்டாம் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு சந்தேகம். பழைய வண்டியின் இன்சூரன்ஸில் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சேர்ந்திருக்கிறது. வண்டியை விற்றால் அதுவும் போய்விடுமா?

தேனி ராஜா:
போகாது. போனஸ் வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியில் நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி) லெட்டர் எழுதி வாங்குங்கள், 3 வருடம் வரை செல்லும். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் ஆர்சி மாற்றுவதோடு நிற்காதீர்கள், 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

ஒட்டன்சத்திரம் மெக்கானிக்:
பெட்ரோல் வண்டி பார்க்கப் போகும்போது, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருந்து, ஆறின பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். தட்டும் சத்தம், புகை எல்லாம் அப்போதுதான் தெரியும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் (டயரின் மேல் வெட்டு) தேயாமல் நிறைய இருந்தாலும் அத்தனை பழசு என்றால் மாற்றத்தான் வேண்டும், நாலு டயர் காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் தூக்கிப் பாருங்கள், அடியில் சேறோ துருவோ இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்கலாம்.